விசாரங்கள் பெருகும் இரவுகளில் தேவனை நம்புவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கி இப்படி எழுதிக்கொள்கிறேன்: "கவலைப்படக் கூடாது என்று வேதம் சொல்வது எனக்குத் தெரியும். வசனங்களும் மனப்பாடமாக இருக்கின்றன. ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன். விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் ஆவதற்குள் அதே எண்ணங்கள் திரும்பி வந்துவிடுகின்றன. எனக்கு விசுவாசம் இல்லையா? கவலையிலிருந்து நம்பிக்கைக்கு உண்மையில் எப்படித் திரும்புவது?"

விசுவாசம் இல்லையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அந்தச் சந்தேகம் உள்ளே இருக்கும்வரை எந்த வசனத்தை எடுத்தாலும் அது ஆறுதலாக வராமல் குற்றச்சாட்டாகவே வந்து சேரும். "ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டுப் பிழைத்த எப்பாப்பிரோதீத்துவைத் திருப்பி அனுப்புவதற்கு, தம்முடைய துக்கம் குறைய வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகக் கூச்சமின்றிச் சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ (11:28), எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை தம்மை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். அங்கே வருகிற கிரேக்கச் சொல், மலைப்பிரசங்கத்தில் "கவலைப்படாதிருங்கள்" என்று வருகிற வினைச்சொல்லின் குடும்பத்தையே சேர்ந்தது. கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவர் திகிலடையவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே நெஞ்சில் எழும்புகிற கலக்கத்தையே அவிசுவாசம் என்று பெயரிட வேதம் நமக்கு இடங்கொடுக்கவில்லை.

"அற்பவிசுவாசிகளே" என்று இயேசு சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார். ஆனால் மத்தேயு சுவிசேஷத்தில் அந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால், அவரை நிராகரித்தவர்களை அவர் அப்படி அழைக்கவில்லை, அவருக்குப் பின்னே வந்தவர்களையே அழைக்கிறார் என்பது தெரியும். பேதுரு கடலில் அமிழ்ந்துபோகிற இடத்தில் (14:31) வாக்கியத்தின் வரிசையைக் கவனியுங்கள்: இயேசு முதலில் கையை நீட்டி அவனைப் பிடிக்கிறார், பிடித்த பிறகுதான் "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்று கேட்கிறார்.

இனி, எப்படித் திரும்புவது என்ற கேள்வி. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 77-ஆம் சங்கீதம். தூக்கம் வராத ஒருவனுடைய இரவு அதில் கிட்டத்தட்ட அப்படியே பதிவாகியிருக்கிறது. "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்கிறார் அதைப் பாடிய ஆசாப். இரவெல்லாம் கை விரித்து ஜெபித்தும் அவருடைய ஆத்துமா ஆறுதலடையவில்லை. அதைவிட ஆச்சரியம் 3-ஆம் வசனம்: "நான் தேவனை நினைத்தபோது அலறினேன்." தேவனை நினைத்தும் நிம்மதி வரவில்லை, கலக்கம் கூடியது என்று ஒரு வேதபக்தன் எழுதியதை ஆவியானவர் அழிக்காமல் நமக்கு விட்டு வைத்திருக்கிறார். ஜெபித்துவிட்டுப் படுத்தும் எண்ணங்கள் திரும்பி வருகின்றன என்று எழுதிய உங்களுக்கு முன்பே அந்தப் பாதையில் ஒருவர் நடந்திருக்கிறார்.

இந்தச் சங்கீதத்தில் மூலமொழியைப் பார்த்தால் மட்டுமே தெரிகிற ஒரு காரியம் இருக்கிறது. 3-ஆம் வசனத்தில் "தியானிக்கும்போது" என்றும், 6-ஆம் வசனத்தில் தன் இருதயத்தோடே சம்பாஷிப்பது என்றும், 12-ஆம் வசனத்தில் "யோசிப்பேன்" என்றும் நம்முடைய மொழிபெயர்ப்பு மூன்று விதமாகத் தருகிற இடங்களில், எபிரெயத்தில் இருப்பது ஒரே வினைச்சொல். தனக்குள் முணுமுணுத்துப் பேசிக்கொண்டே ஒன்றை அசைபோடுவதைக் குறிக்கிற சொல் அது. முதலில் அதைச் செய்தபோது ஆவி தொய்ந்துபோயிற்று. இரண்டாம் முறை செய்தபோது அது கேள்விகளில் போய் முடிந்தது. மூன்றாம் முறையும் அதையேதான் செய்கிறார். செயல் மாறவில்லை, எதை அசைபோடுகிறார் என்பதுதான் மாறியிருக்கிறது.

நான் சொல்ல வருவதெல்லாம் ஏறக்குறைய இதில் அடங்கிவிடுகிறது. மனதை நிறுத்தும்படியோ வெறுமையாக்கும்படியோ வேதம் கேட்பதில்லை. கவலைப்படத் தெரிந்த எவருக்கும், ஒரே காரியத்தை மணிக்கணக்கில் விடாமல் திருப்பித் திருப்பி நினைக்கும் திறமை ஏற்கெனவே கைவந்திருக்கிறது. அதே அசைபோடுதலுக்கு வேறு தீவனம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆசாப் எடுத்துக்கொண்ட தீவனம் எது? 7 முதல் 9 வரையுள்ள வசனங்களில் ஆறு கேள்விகள் வரிசையாக வருகின்றன: ஆண்டவர் நித்தியகாலமாய்த் தள்ளிவிடுவாரோ, இனி ஒருபோதும் தயைசெய்யாதிருப்பாரோ, கிருபை அற்றுப்போயிற்றோ, வாக்குத்தத்தம் ஒழிந்துபோயிற்றோ, தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ, கோபத்தினாலே இரக்கத்தை அடைத்துக்கொண்டாரோ. இவற்றில் ஒன்றுக்கும் அவர் நேரடியாகப் பதில் எழுதவில்லை. கேள்விகளை எழுதி முடித்தபின், செங்கடல் பிளந்த ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத் தன் நினைவைக் கொண்டுபோகிறார். தண்ணீர்கள் கண்டு தத்தளித்ததையும், இடி முழங்கியதையும், மின்னல் பூச்சக்கரத்தைப் பிரகாசிப்பித்ததையும் நின்று நிதானமாக விவரிக்கிறார். அது அவர் கண்ணால் கண்டதல்ல. அவருடைய முன்னோருக்குப் பல தலைமுறைகளுக்கு முன் நடந்தது. தேவன் நல்லவர் என்ற பொதுவான கருத்தைப் பற்றிக்கொள்ளாமல், தேவன் ஒரு நாளில் ஓரிடத்தில் செய்த ஒரு செயலைப் பற்றிக்கொள்கிறார். முதல் பாதியில் "நான்", "என்" என்பவையே நிறைந்திருந்த பாட்டில், 11-ஆம் வசனம் தொடங்கி "உம்முடைய", "உமது" என்பவை நிறைகின்றன. பென்சில் எடுத்து அடிக்கோடிட்டுப் பாருங்கள், பக்கத்தின் நடுவில் அந்தத் திருப்பம் தெரியும்.

அந்த விவரிப்பு முடிகிற இடத்தில், "உமது காலடிகள் தெரியப்படவில்லை" என்று ஒரு வாக்கியம் வருகிறது. தேவன் கடலுக்குள் வழி நடத்தினார், ஆனால் அவருடைய கால்தடம் யாருக்கும் தெரியவில்லை. அதன்பின் மோசே ஆரோன் கையால் ஜனத்தை ஒரு மந்தையைப்போல நடத்தினீர் என்று ஒரு வரி, அத்தோடு சங்கீதம் நின்றுபோகிறது. ஆசாபின் பிரச்சினை என்னவென்றே நமக்குச் சொல்லப்படவில்லை, அது தீர்ந்ததா என்பதும் சொல்லப்படவில்லை.

இதனால்தான், கவலையில் இருப்பவர்களுக்குத் துண்டு துண்டாக வசனங்களைக் கொடுப்பதைவிட ஒரு முழுச் சங்கீதத்தைக் கொடுப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். ஒரு வரி வசனத்தை ஐந்து வினாடியில் சொல்லி முடித்துவிடலாம். கவலையோ ஒரு நீண்ட கதை, அதற்குத் தொடக்கமும் திருப்பங்களும் பயங்கரமான முடிவும் உண்டு. கதைக்கு எதிரே ஒரு வரியை நிறுத்தினால் கதைதான் ஜெயிக்கும். "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்கிறது 94-ஆம் சங்கீதம் (19-ஆம் வசனம்). "விசாரங்கள்" என்று நாம் வாசிக்கும் அந்த எபிரெயச் சொல்லை, கிளை பிரிவதைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். ஒரு எண்ணத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு என்று கிளைக்கும் அனுபவம் உங்களுக்கும் தெரிந்ததே.

துண்டு வசனத்தால் நானே ஒருமுறை தடுமாறியிருக்கிறேன். வீட்டில் ஒருவருடைய மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் பிலிப்பியர் 4:6-ஐ மருந்து குடிப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் "கவலைப்படாமல்" என்ற சொல் மட்டுமே காதில் விழுந்து, நான் அதைச் செய்யவில்லையே என்ற இன்னொரு கவலையைச் சேர்த்துக்கொண்டு போனது. பிறகு ஒரு நாள் பக்கத்தைத் திறந்து வாசித்தபோதுதான், அந்தக் கட்டளைக்குச் சற்று முன்னே, 5-ஆம் வசனத்தின் முடிவில் நிற்கிற "கர்த்தர் சமீபமாயிருக்கிறார்" என்ற வாக்கியத்தை நான் இத்தனை நாளும் வெட்டிவிட்டுச் சொல்லியிருக்கிறேன் என்று கண்டேன். அவர் சமீபமாயிருப்பதால்தான் விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தச் சொல்கிறார் பவுல். கூப்பிடு தூரத்தில் ஒருவரும் இல்லையென்றால் கவலைப்படாதே என்பது வெறும் அதட்டல்தான்.

அதே பகுதியில் "காத்துக்கொள்ளும்" என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. அது படைவீரர்கள் நகரத்தைக் காவல்பண்ணுவதைக் குறிக்கும் சொல். தமஸ்குவில் பவுலைப் பிடிக்கப் போடப்பட்ட காவலுக்கும் (2 கொரிந்தியர் 11:32) அதே சொல்தான். பிலிப்பி, ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேறியிருந்த பட்டணம்; எழுதுகிறவரோ கட்டப்பட்டவராய்க் காவலில் இருக்கிறார். எழுதியவருக்கும் வாசித்தவர்களுக்கும் காவல் என்றால் என்னவென்று விளக்கம் தேவைப்பட்டிருக்காது. கேட்ட காரியம் கிடைக்கும் என்று அந்த வசனம் வாக்குக் கொடுக்கவில்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காவல்காக்கும் என்கிறது. வாசலில் காவல் நிற்கும்போதும் வெளியே சத்தம் கேட்கத்தான் செய்யும்.

பேதுருவின் வாக்கியத்தில் நம்முடைய தமிழ் மொழிபெயர்ப்பு தருகிற ஒரு நயம் இருக்கிறது. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7). விசாரம் என்றால் தமிழில் கவலை. விசாரிப்பது என்றால் நலம் கேட்டு, தேவையைக் கவனித்துக்கொள்வது. 94-ஆம் சங்கீதத்தில் நம் உள்ளத்தில் பெருகுகிற விசாரங்களை, விசாரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறது இந்த வசனம். இங்கே "வைத்துவிடுங்கள்" என்பதற்கான கிரேக்க வினை, புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது: எருசலேமுக்குப் போகும் வழியில் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டபோது (லூக்கா 19:35). தோளில் கிடந்ததை எடுத்து வேறொன்றின்மேல் போடுகிற, கையால் செய்கிற காரியம் அது. மூலமொழியில் இது முந்தின வசனத்தின் தொடர்ச்சியாகவும் இருக்கிறது: அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள், கவலைகளை அவர்மேல் போட்டவர்களாய். என் குடும்பத்தின் நாளைய தினம் என் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வது தாழ்மையின் ஒரு பகுதி என்பதை நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

ஒருமுறை வைத்தால் போதுமா? பேதுருவின் வார்த்தைகளுக்குப் பின்னால் நிற்கும் 55-ஆம் சங்கீதம் அப்படிச் சொல்லவில்லை. "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்று 22-ஆம் வசனத்தில் சொல்கிற அதே தாவீது, 17-ஆம் வசனத்தில் "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிடுவேன் என்கிறார். கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார். ஆகையால் பத்தாவது நிமிடத்தில் எண்ணம் திரும்பி வந்தால், முதல் ஜெபம் வீணாயிற்று என்று கணக்கிட வேண்டாம்; அதே வார்த்தைகளோடு மறுபடியும் போகலாம்.

எதைக் கொண்டுபோவது என்பதற்கு எசேக்கியா ராஜா நல்ல மாதிரி. கி.மு. 701-இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துவிட்டு, எருசலேமையும் மிரட்டி ஒரு நிருபம் அனுப்பினான். எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல் எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாக அவனுடைய கல்வெட்டுப் பெருமையடிக்கிறது. எசேக்கியா அந்த நிருபத்தை வாங்கி வாசித்தார், ஆலயத்துக்குப் போனார், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). "என் கஷ்டங்களைப் பாரும் ஆண்டவரே" என்ற பொதுவான வார்த்தைகளோடு அவர் நிற்கவில்லை, பயமுறுத்துகிற அந்தத் தாளையே பிரித்துக் காட்டுகிறார். ஜெபத்தின் உள்ளமைப்பும் கவனிக்க வேண்டியது. தேவன் யார் என்று தொடங்குகிறார். அசீரியர் பல தேசங்களைப் பாழாக்கியது உண்மை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தத் தேசங்களின் தேவர்கள் மனுஷர் கைவேலையான மரமும் கல்லுந்தானே என்று, உங்கள் தேவனாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது என்று நிருபத்தில் எழுதியிருந்த முடிவை மறுக்கிறார். நடந்த செய்தி வேறு, அதிலிருந்து பயம் எடுத்த முடிவு வேறு என்று அந்த ஜெபம் பிரித்துவிடுகிறது. "மேலாளர் நாளை அழைத்திருக்கிறார்" என்பது செய்தி; "என் வேலை போய்விடும், பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள்" என்பது நிருபத்தை எழுதினவனுடைய முடிவு.

நம்புகிறவர் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதே எசேக்கியாவைக் காட்டுங்கள். முற்றுகைக்கு முன்னே ஊற்றுகளைத் தூர்த்தார், இடிந்த மதிலைக் கட்டினார், குளத்தையும் வாய்க்காலையும் உண்டாக்கி நகரத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தார். அவருடையது என்று பொதுவாகக் கருதப்படுகிற, பாறையைக் குடைந்து செய்த சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கத்தில் எருசலேமில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் எருசலேமின் தண்ணீரையும் மதிலையும் பற்றிய இதே வகை ஏற்பாடுகளைச் சொல்லிவிட்டு, அதைச் செய்தவரை நீங்கள் நோக்கவில்லையே என்று ஏசாயா 22:11 ஜனங்களைக் கடிந்துகொள்கிறது. கடிந்துகொள்ளப்பட்டது வேலை அல்ல, வேலைக்கு மேலே பார்க்காத கண்.

மத்தேயு 6-ஆம் அதிகாரம் எல்லாரும் அறிந்ததே, ஆகையால் ஒன்று மட்டும்: "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்பதில் இன்றைக்குப் பாடு உண்டு என்பதை ஆண்டவரே ஒத்துக்கொள்கிறார்.

இன்னொரு வசனத்தைப் பற்றி எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துவது (2 கொரிந்தியர் 10:5) என்பதை எடுத்து, வருகிற ஒவ்வொரு கவலையோடும் மல்லுக்கட்டும்படி சிலர் போதிக்கிறார்கள். பவுல் அங்கே பேசுவது, தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்பிய தர்க்கங்களைப் பற்றி. நள்ளிரவில் ஓர் எண்ணத்தோடு மல்லுக்கட்டுகிறவருடைய கண் அந்த எண்ணத்தின்மேலேயே நிற்கும். ஆசாப் மல்லுக்கட்டவில்லை; கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டு, வேறு பக்கம் திரும்பினார்.

ஆகவே நடைமுறையில் நான் சொல்வது இது. படுக்கப் போகும் முன், அன்றைய பெரிய கவலை எதுவோ அதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள், எசேக்கியாவின் நிருபத்தைப்போல. அதன் கீழே நடந்தது எது, நான் பயந்து சேர்த்தது எது என்று பிரித்து எழுதுங்கள். நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு வேலை அதில் இருந்தால் குறித்துவிட்டுத் தாளை மூடி, அதன்மேல் கை வைத்து ஜெபியுங்கள். ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபம் என்று பவுல் சொல்வதால், முன்பு நடத்திவந்த ஒரு காரியத்தையாவது பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். இரவில் விழிப்பு வந்தால், முழுதாகப் படித்து வைத்திருக்கும் சங்கீதத்தை மெல்லிய குரலில் உதடு அசையச் சொல்லுங்கள். 1-ஆம் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்ற சொல்லே எபிரெயத்தில் வாய்விட்டு முணுமுணுப்பதைக் குறிக்கும். புறாப்போல் புலம்பினேன் என்று எசேக்கியா தன் வியாதியில் சொல்வதும் (ஏசாயா 38:14) அதே சொல்தான். மனதுக்குள் மட்டும் சொல்லுகிறபோது எண்ணங்கள் குறுக்கே புகுந்துவிடும், உதடு அசையும்போது அவ்வளவு எளிதாகப் புகுவதில்லை. பாதியில் மனம் வழுவிப் போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, அன்றாட வேலையே நடக்கவில்லை, அல்லது வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல. சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் போதனை கொடுக்கவில்லை. உறக்கமும், அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும், மறுபடியும் உறக்கமும், மறுபடியும் உணவும் கொடுத்தார் (1 இராஜாக்கள் 19). "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அதன்பின் நாற்பது நாள் பயணமும் முடிந்து ஓரேப் மலையில்தான் வருகிறது.

77-ஆம் சங்கீதம் மனப்பாடத்துக்கு நீளமாகத் தோன்றினால், 13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள்; அதில் ஆறே வசனங்கள். "எதுவரைக்கும்" என்று நான்கு முறை அது கேட்கிறது. அவற்றில் ஒன்று, எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன் என்பது, படுக்கையில் புரண்டுகொண்டிருப்பவருக்கு விளக்கமே தேவைப்படாத வரி. "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற 5-ஆம் வசனம் உங்களுக்கு இன்னும் உண்மையாகத் தோன்றாவிட்டால், முதல் இரண்டு வசனங்களை மட்டும் அவரிடம் உண்மையாகச் சொல்லுங்கள், மற்றதைத் தாவீதின் வார்த்தையாகவே வாசித்துவிட்டுப் படுங்கள்.